ஆரஞ்சுத் தோட்டத்தில் நாலு இணுக்கு கறிவேப்பிலை

ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது கையில் எத்தனை ஆரஞ்சு இருக்க வேண்டும் என்று பாறசாலையில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள். ஒரு கிலோ. அந்தக் கிலோவில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஏழு இருந்தால் மரியாதை. நாலே நாலு பெரிய ஆரஞ்சோடு போய்ப் பாருங்கள். எடை சரியாகத்தான் இருக்கும். ஆனால் 'அவன் நாலு ஆரஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தான்' என்ற பேச்சு, நோயாளி எழுந்து நடமாடிய பிறகும் ஊரில் நடமாடும். இந்த ஏழு என்ற கணக்கை வைத்துக்கொண்டுதான் நான் தென்னாப்பிரிக்காவுக்குப் போனேன். ஜெயித்தும் வந்தேன். நடுவில் ஒரு நாள் மானம் கப்பலேறியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் கேரள எல்லையோரப் பாறசாலையில் பழம் மொத்த வியாபாரம் செய்கிறவள். களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை பன்னிரண்டு கடைக்காரர்கள் என்னிடம் சரக்கு எடுக்கிறார்கள். போன வருஷ ஓணத்துக்கு எங்களுக்கென்று சொல்லி வைத்திருந்த வெளிநாட்டு ஆரஞ்சைக் கொச்சி ஏஜென்ட் ஒருவர் கடைசி நேரத்தில் பெரிய பார்ட்டிக்குத் தள்ளிவிட்டார். கடைசி வரை 'வருது, வருது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாளும் பன்னிரண்டு கடையிலும் ஆரஞ்சுக் கூடை காலி. திருப்புறத்துக் கடைக்காரர் வின்சென்ட் என் கிடங்கு வாசலில் நின்று தெருவே கேட்கப் பேசினார்.

"ஓணத்துக்கு ஆரஞ்சு தரப் பற்றல்லேன்னா ஷட்டரைத் தாழ்த்தீட்டு வீட்டில இரிங்க."

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னே போகும், புத்தி பின்னே வரும். "அடுத்த ஓணத்துக்குத் தோட்டக்காரன்கிட்டேருந்தே நேரா கொண்டு வாறேன். அத்தத்துக்கு முன்னே ஒம்ம கடையில எறங்கல்லேன்னா நானே ஷட்டரைத் தாழ்த்துதேன். பாத்துக்கிடும்!" என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். இனி பின்வாங்க வழியில்லை. அந்த மாதத்தில் நம் நாட்டில் நல்ல ஆரஞ்சு கிடையாது. பூமத்திய ரேகைக்குத் தெற்கேதான் அப்போது பறிப்பு.

எழுத்தெழுத்தாகப் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில் ஒரு தோட்டக்காரர் 'நேரில் வாருங்கள், பேசலாம்' என்று பதில் போட்டார். வைகாசியில் கிளம்பினேன். துணைக்குத் தங்கராஜ் அண்ணன். என் கணவரின் சித்தப்பா மகன், அம்பூரியில் ரப்பரும் வாழையும், என் கிடங்கின் குளிர் அறையில் பாதிப் பங்கு. மரத்தைத் தடவிப் பார்த்தே அதன் வயதைச் சொல்வார். வாய்க்கு ருசியாக ஒரு வேளை கிடைக்காவிட்டால் பச்சைப் பிள்ளையாக மாறிவிடுவார்.

முதல் நாளே வம்பு. இறங்கிய விமான நிலையத்தில் என் பெட்டி வந்தது, அண்ணன் பெட்டி வரவில்லை. எல்லாப் பெட்டியும் போன பிறகும் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்த பட்டையைப் பார்த்தபடி நின்றார்.

"பிள்ளே, என் கைலி, என் மசாலா, என் வெளிச்செண்ணெய், எல்லாம் போச்சே."

"நாளைக்குத் தங்குற எடத்துலயே கொண்டு தருவாவளாம், வாங்க அண்ணே" என்று இழுத்துக்கொண்டு போனேன். கடற்கரை நகரத்துக்கு இன்னொரு சின்ன விமானம், அங்கிருந்து வாடகைக் கார். வழியில் சாப்பிட நிறுத்திய இடத்தில் சோளமாவுக் களியும் சுட்ட இறைச்சியும் வைத்தார்கள். அண்ணன் களியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை என்று தட்டைத் தள்ளினார். பக்கத்து மேசையில் ஒரு வயதான தம்பதி எங்களைப் பார்த்துவிட்டு, "பாவம், பல் வலி போலிருக்கிறது" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாலையில் 'யானை குறுக்கிடும்' என்று பலகை இருந்தது. காரை நிறுத்தி ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அந்தப் பலகையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. "இதுக்கா இவ்வளவு பாடு? என் வாழைத் தோட்டத்துக்கு வந்தா ஆனையையே காட்டித் தாறேன்" என்றார் அண்ணன். அன்று அவர் பேசிய ஒரே உற்சாகமான பேச்சு அதுதான்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கே தோட்ட வாசலில் நின்றோம். ஒரு ஈ காக்கை இல்லை. எட்டு மணிக்குத் தோட்டக்காரர் ஹென்னி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டை, காலில் செருப்புக்கூட இல்லை. எங்களை மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைக்க வைத்து, தோட்டத்துக்கென்றே வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸை மாட்டச் சொல்லித்தான் உள்ளே விட்டார். கோயிலுக்குள் போவதுபோல் இருந்தது.

பறிப்பு பத்து மணிக்குத்தான் தொடங்கியது. பழத்தின் மேல் பனி ஈரம் இருக்கும்போது கை பட்டால் தோலில் எண்ணெய் கசிந்து தழும்பாகிவிடுமாம். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "வெயில் ஏறினா எங்க ரப்பர்ல பால் நின்னுபோவும், வெளுக்கு முன்னே வெட்டணும். இவிய பத்து மணிக்கு சாவகாசமா வாறாவ. கொள்ளாம் சோலி!" என்றார். ஆனால் வேலை தொடங்கியதும் வாயடைத்துப் போனார். கையுறை போட்ட பெண்கள் ஒவ்வொரு பழத்தையும் சின்னக் கத்தரியால் காம்பு ஒட்ட வெட்டி, முட்டையை வைப்பதுபோல் பையில் வைத்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் ஆரஞ்சுப் பெட்டி லாரியிலிருந்து இறங்கும் சத்தம் எனக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது.

பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஹென்னி எனக்காக ஒரு தட்டு தயாராக வைத்திருந்தார். ஒவ்வொன்றும் குழந்தையின் தலையளவு. பளபளவென்று மினுங்கின. "எங்கள் தோட்டத்தின் பெருமை. ஒரு கிலோவுக்கு மூன்று" என்றார்.

"அழகாக இருக்கிறது. எனக்கு வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் செத்துப்போய்விட்டது. இரண்டு விமானம் மாறி வந்த பெண்பிள்ளை இப்படிச் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். நாலு ஆரஞ்சோடு போனவன் பெயர் கெட்ட கதையை நடித்தே காட்டினேன். கொட்டகை மேற்பார்வை பார்க்கும் நொம்சா என்ற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கள் ஊரிலும் கை நிறையக் கொண்டு போகாவிட்டால் பேசுவார்கள்" என்றவள், என் கையைப் பிடித்துக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே ஒரு லாரி நின்றது. அது நிறைய நம் ஊர்க் கணக்குக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி சின்ன ஆரஞ்சுகள். எல்லாம் சாறு பிழியும் ஆலைக்குப் போகிறவை.

ஒன்றை அங்கேயே உரித்துத் தின்றேன். தேன்! ஏழு பழத்தை எடுத்துத் தராசில் வைத்தேன். முள் ஒரு கிலோவைத் தாண்டி ஒரு மயிரளவில் நின்றது. நான் குதித்ததைப் பார்த்து லாரிக்காரர் பயந்துபோய் எழுந்து நின்றார். "இதையா? இதற்காகவா கடல் தாண்டி வந்தீர்கள்?" என்று ஹென்னி கேட்டார். "இதற்காகத்தான். நீங்கள் சாறு பிழிகிறதை நான் தட்டில் வைத்து விற்கிறேன்" என்றேன். அப்போது பறித்துக்கொண்டிருந்தது முன்னே பழுக்கும் ரகம். ஓணத்துக்கு எனக்கு வேண்டிய, பின்னே பழுக்கும் ரகம் மரத்தில் இன்னும் பச்சையாகத் தொங்கியது, அதிலும் சின்னதற்கு ஆள் இல்லை என்றார்.

அவர் அறைச் சுவரில் வாரங்களுக்கு எண் போட்ட பெரிய தாள் இருந்தது. அவர்களுக்கு மாதம் கிடையாது, எல்லாம் வாரக் கணக்கு. நான் வீட்டிலிருந்து கிழித்து வந்திருந்த மலையாள காலண்டர் தாளை அதன் பக்கத்தில் பிடித்து, அத்தத்தில் விரலை வைத்துப் பின்னால் எண்ணினேன். துறைமுகச் சோதனைக்கு ஒரு வாரம், கடலுக்கு நாலு வாரம், பெட்டியில் அடுக்க ஒரு வாரம், மழையும் லாரியும் சதி செய்தால் இருக்கட்டும் என்று ஒரு வாரம். ஹென்னி அவர் தாளில் ஒரு கட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். "புதிய ஆளுக்கு நேரடியாகக் கொடுத்துப் பழக்கமில்லை. ஆனாலும் நாளை மூன்று மணிக்குக் கையெழுத்துப் போடலாம்" என்றார். நான் மனதுக்குள் வின்சென்டுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அன்று மாலை அண்ணன் பெட்டியும் நாங்கள் தங்கிய தோட்டத்து விருந்தினர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உடனே கைலியைக் கட்டிக்கொண்டு அடுக்களையில் இறங்கினார். கோழிக்கறி. அந்தத் தேங்காயெண்ணெயில் தாளிக்கும் வாசனை பிடித்து ஹென்னியும் நொம்சாவும் தாங்களாகவே வந்துவிட்டார்கள். ஹென்னி மூக்கில் நீர் வடிய வடிய மூன்று தரம் வாங்கித் தின்றார். "கொள்ளாம்னு சொல்லச் சொல்லு இவர்ட்ட" என்று அண்ணன் என்னிடம் சொல்ல, நன்றாயிருந்தால் எங்கள் ஊரில் சொல்லும் அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்க, அந்த ஆறடி மனிதர் "கொல்லாம்" என்றார். இவ்வளவு எளிதாக ஜெயிப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை கொட்டகையில் கை கழுவப் போன இடத்தில், சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். தெரிந்த முகம் மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தேன். கறிவேப்பிலை. ஒரு முழு இணுக்கு, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி, பக்கத்தில் எறும்பைவிடச் சின்ன ஒரு பூச்சி. நொம்சாவிடம் கேட்டேன். அந்தப் பூச்சி ஆசியாவில் இருக்கிறதாம், கறிவேப்பிலையில் முட்டையிடுமாம், ஆரஞ்சு மரத்துக்கு மருந்தே இல்லாத நோயைக் கொண்டுவருமாம். "இந்தச் செடி எங்கே கண்டாலும் உடனே போன் செய்ய வேண்டும். பூச்சி வந்தால் இந்தப் பள்ளத்தாக்கே போச்சு" என்றாள். எனக்கு நேற்றைய குழம்பில் மிதந்தது நினைவு வந்தது.

விருந்தினர் வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணே, நேத்து கறியில போட்ட கறிவேப்பில எங்கேருந்து வந்தது?"

"நம்ம வீட்டுக்குப் பொறத்தால நிக்குதுல்லா, அதுலேருந்தாக்கும். ஈரப் பேப்பர்ல சுத்தி கைலிக்குள்ள வச்சிருந்தேன். இவ்வளவு அலைஞ்சும் ஒண்ணும் வாடல்ல, பாத்தியா?"

"ஏர்போர்ட்ல செடி, விதை உண்டான்னு கேட்ட பேப்பர்ல இல்லன்னு எழுதினியளே!"

"செடியா? எனக்க பிள்ளே, கறிவேப்பில செடியா? கறிக்குப் போடுற சாதனமில்லா அது!"

திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். காய்கறிக் கடையில் காசில்லாமல் பைக்குள் போட்டுத் தருவதை நம்மில் யார் செடி என்று நினைத்தோம்?

மொத்தம் நாலு இணுக்கு கொண்டு வந்திருந்தார். இரண்டு குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தன. மற்றவற்றை என்ன செய்தார் என்று கேட்டால், இலையை உருவிப் போட்டுவிட்டுத் தண்டை ஜன்னல் வழியாக எறிந்தாராம், வீட்டில் செய்வதுபோல. ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் முதல் வரிசை ஆரஞ்சு மரம். இரண்டு பேரும் புல்லில் முட்டி போட்டுத் தேடினோம். ஒரு தண்டு கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

"இருக்கதை அடுப்பில போட்டாத் தீந்தது. ஆருக்குத் தெரியப் போவுது? மூணு மணிக்குக் கையெழுத்தில்லா?" என்றார் அண்ணன்.

பொய் சொல்வானேன், அப்படியே செய்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. வின்சென்ட் என் கண் முன்னால் வந்து ஷட்டரைத் தாழ்த்தினார். கூடவே கொச்சி ஏஜென்டின் குரலும் கேட்டது, 'வருது, வருது' என்று. அவரை நான் இத்தனை மாதமாக வாயாரச் சபித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆளின் வேலையையே நானும் செய்வதா? குளிர்பெட்டியில் இருந்ததை ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு, ஹென்னியின் அறைக்குப் போய் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தண்டு கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "என் அப்பா நட்ட மரங்கள்!" என்று கத்தினார். "கையெழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆய்வாளர் வரும்வரை வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள். பிறகு உங்கள் ஊருக்குப் போய்விடுங்கள்." எவர் முன்னாலும் அழுது பழக்கமில்லாதவள், வீட்டுக்கு வந்து அழுதேன். அண்ணன் திண்டாடிப்போய், "மக்கா, எனக்க தொண்டையில தீ வைக்கணும். ருசி கேட்ட தொண்ட!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மத்தியானம் ஆய்வாளர் அம்மா ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நொம்சாவும் ஆறு பேரும் வரிசையாக நின்று புல்லைச் சீப்பால் வாருவதுபோல் தேடினார்கள். வராந்தாவில் ஹென்னி போனில் அவர்கள் மொழியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரமாக நின்ற நொம்சாவிடம் என்ன பேசுகிறார் என்று கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "'இல்லை, நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்களே வந்து சொன்னார்கள்' என்கிறார். அதையே மூன்றாம் முறை சொல்கிறார்."

அப்போதுதான் அண்ணன் பெரிதாக ஒரு சத்தம் போட்டார். "ஐயோ! கடைசியில ஒரு இணுக்கை அப்படியே முழுசாப் போட்டேன் மக்கா, வாசத்துக்கு!" குளிர்பெட்டியிலிருந்து மீதிக் குழம்பை எடுத்துக் கரண்டியால் துழாவினோம். காணாமல் போன நாலாவது இணுக்கு, கோழிக் காலுக்குக் கீழே நன்றாக வெந்து கிடந்தது. ஆய்வாளர் அம்மா அதையும் முகம் மாறாமல் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அண்ணனை நன்றாக எச்சரித்தார். இலையைச் சுற்றியிருந்த பேப்பரையும் கைலியையும் எரிக்கச் சொன்னார். மற்ற துணிகளையெல்லாம் கொதிநீரில் துவைக்கப் போட்டுவிட்டதால் அண்ணனுக்கு உடுக்க ஒன்றுமில்லை. ஹென்னி ஒன்றும் பேசாமல் தன்னுடைய அரைக்கால் சட்டை ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினார். அது அண்ணனுக்குக் கணுக்கால் வரை வந்தது.

நாலாம் நாள் காலை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு விடைபெறப் போனோம். மேசையில் ஒப்பந்தத் தாள் இருந்தது. ஹென்னி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"கப்பலில் ஏற்றிய பிறகு பழம் என் கண்ணில் படாது. அந்தப் பக்கம் திறக்கிறவர் போனில் சொல்வதுதான் எனக்குச் செய்தி. நூறு பெட்டி அழுகல் என்பார்கள், இருநூறு என்பார்கள். நான் கடல் தாண்டி வந்து எண்ண முடியுமா? புதிய ஆளுக்குக் கொடுக்கப் பயந்தது அதற்குத்தான். நேற்று நீங்கள் வாயை மூடியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது." பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "நீங்கள் எண்ணிச் சொல்லுங்கள். நான் நம்புகிறேன்."

என் கையெழுத்து கோணலாக விழுந்தது. அண்ணன் அந்த அரைக்கால் சட்டையோடு எழுந்து நின்று கைகூப்பினார். யாரும் சிரிக்கவில்லை.

ஆடி மாதக் கர்க்கடக மழை முழுக்க நான் கப்பலைப் பார்த்தேன், போனில். நீலத்தில் ஒரு சின்ன அம்பு. அது விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு நேரே, எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் போகக்கூடிய தூரத்தில் கடந்து கொச்சிக்குப் போனபோது வயிறு எரிந்தது. ஆனாலும் துறைமுகச் சோதனை முடிந்து, அத்தத்துக்கு மூன்று நாள் முன்னால், கன்டெய்னர் லாரி பாறசாலைச் சந்திப்பில் திரும்பியது. கதவு திறந்ததும் வந்த குளிர்காற்றில் அந்தப் பள்ளத்தாக்கின் வாசனை இருந்தது. நானும் அண்ணனும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தோம். ஹென்னியைக் கூப்பிட்டேன். "பதினொரு பெட்டி அழுகல். பதினொன்றே பதினொன்று" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான், வேறு கேள்வி இல்லை.

திருப்புறத்துக்கு நானே வண்டியில் கொண்டு போனேன். வின்சென்டின் தராசில் நானே எடுத்து வைத்தேன். ஒன்று, இரண்டு என்று தெரு கேட்க எண்ணினேன். ஏழு. ஒரு கிலோ. அவர் ஒன்றை உரித்து வாயில் போட்டார்.

"கொள்ளாம். அன்னைக்கு நான் பறஞ்சது கூடிப்போச்சு, மனசில வச்சிராதீங்க" என்றார்.

"மனசிலதான் வச்சிருந்தேன், அதாக்கும் இவ்வளவு தூரம் போனது" என்றேன். ஓணத்துக்கு முந்தின நாள் பன்னிரண்டு கடையிலும் கூடை மறுபடியும் காலி. இந்தக் காலி எனக்குப் பிடித்திருந்தது.

பறிப்பெல்லாம் முடிந்து ஐப்பசியில் ஹென்னி எங்கள் ஊருக்கு வந்தார். ஆஸ்பத்திரி வாசல் பழக்கடையில் அரைமணி நேரம் நின்று, ஏழு ஏழாக எடுத்துப் போவதைத் தன் கண்ணால் பார்த்தார். அம்பூரியில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் நின்ற கறிவேப்பிலை மரத்தைப் பத்தடி தள்ளி நின்றே கும்பிட்டார். அண்ணன் வைத்த கோழிக்கறியைத் தின்று ஒவ்வொரு இலையாக எண்ணி ஓரத்தில் வைத்தார்.

கிளம்பும்போது அவர் தன் பூட்ஸைக் கழற்றி என் கிடங்கில் வைத்துவிட்டு, காருக்குள் ஏறிய பிறகு பெட்டியிலிருந்து புதுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். இங்கே மிதித்த மண்ணை அங்கே கொண்டுபோக மாட்டாராம். "எரித்துவிடட்டுமா?" என்று கேட்டேன். "ஐயோ, வேண்டாம்! அடுத்த ஓணத்துக்கு நான் எதைப் போடுவது?" என்றார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அது மாதிரி.

குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். பாறசாலையில் அந்த அளவுக்கு ஒரு கால் கிடையாது. நேற்று சரக்குப் பேச வந்த வின்சென்ட் அதைப் பார்த்துவிட்டு, "ஆருக்கது இது, இவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

"நம்ம தோட்டக்காரருக்கதாக்கும்" என்றேன்.